உராய்வை வென்ற உழைப்பாளர் எட்வர்ட் அச்செசன்

மின்விளக்கு என்றவுடன் எடிசன் நம் நினைவுக்கு வருகிறார். தொலைபேசி என்றால் கிரகாம் பெல். நீராவி இயந்திரம் என்றால் ஜேம்ஸ் வாட். ஆனால் வீதியில் சாணை பிடிப்பவர் சக்கரத்தைச் சுழற்றிக் கத்திக்குக் கூர்மை ஏற்றும்போது எவருடைய பெயரும் நம் மனத்தில் தோன்றுவதில்லை. வீட்டு மிக்சி திடீரென நின்றுபோக, பழுது பார்ப்பவர் கார்பன் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதியதைப் பொருத்தும்போதும் அப்படித்தான். இவ்விரண்டுக்கும் பின்னால் நிற்கும் மனிதர் ஒருவரே. ஒன்று எதையும் தேய்த்துவிடும் கடினப் பொருள்; மற்றொன்று எதையும் தேயவிடாமல் காக்கும் மென்பொருள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இவ்விரண்டையும் ஒரே உலையிலிருந்து எடுத்து உலகுக்கு அளித்தவர் எட்வர்ட் குட்ரிச் அச்செசன் என்ற அமெரிக்க அறிஞர். அவருடைய வாழ்க்கையை இங்கே சிறிது காண்போம்.

இளமையும் இன்னலும்

அச்செசன் 1856-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9-ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வாஷிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். நாட்டின் தலைநகருக்கும் அதே பெயர் உண்டு, இவ்வூர் வேறு. நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு உருக்கும் உலைகளும் நிறைந்த பகுதி அது. தந்தையார் வில்லியம் அச்செசன் இரும்பு உலை ஒன்றை நடத்தி வந்தார். ஆகவே கரியும் நெருப்பும் சிறுவனுக்குப் பிள்ளைப் பருவத்துத் தோழர்களாயின.

பெல்லிஃபாண்ட் என்னும் ஊரிலிருந்த பள்ளியில் அவர் சில ஆண்டுகளே பயின்றார். கணக்கிலும் நில அளவையிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. ஆனால் குடும்பத்தின் நிலை தாழ்ந்தது. 1873-இல் அமெரிக்கா முழுவதும் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட, இரும்புத் தொழில் நலிவுற்றது. 16 வயதிலேயே அச்செசன் பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு வேலைக்குச் சென்றார். சிறிது காலத்தில் தந்தையாரும் மறைந்தார். தாயையும் உடன்பிறந்தோரையும் காக்கும் பொறுப்பு இளம் தோள்களில் விழுந்தது.

படிப்பை நிறுத்த நேர்ந்தபோது அவர் கற்பதை நிறுத்தவில்லை. 17 வயதிலேயே சுரங்கத்தில் நிலக்கரியைத் துளைக்கும் கருவி ஒன்றைச் சிந்தித்து அதனை அரசாங்கத்தில் பதிவு செய்ய விண்ணப்பித்தார். இரயில் பாதை அளப்போருக்கு உதவியாளராக இருந்தார். எண்ணெய்த் தொட்டிகளை அளக்கும் வேலையும் பார்த்தார். பகலெல்லாம் கூலிக்கு உழைத்துவிட்டு இரவில் மின்சாரத்தைப் பற்றிய நூல்களைப் படித்தார். மின்சாரம் அந்நாளில் பலருக்கும் ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்த காலம். அதுதான் எதிர்காலத்தின் சக்தி என்று இந்த ஏழை இளைஞர் உணர்ந்திருந்தார்.

எடிசனின் கூடத்தில்

1880-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். 24 வயது நிரம்பிய அச்செசன், மென்லோ பார்க் என்னும் இடத்தில் இருந்த தாமஸ் ஆல்வா எடிசனின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆண்டுகளில் அறிவியல் ஆர்வம் கொண்ட இளைஞருக்கு உலகில் அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இருந்திருக்க முடியாது.

மின்விளக்கின் கண்ணாடிக் குமிழுக்குள் ஒளிர்வது ஒரு மெல்லிய இழை. அந்நாளில் அதனைக் கரியால் செய்தார்கள். எந்தக் கரி நெடுநாள் எரியும், எந்த வடிவில் செய்தால் உடையாது என்று ஓயாமல் சோதனைகள் நடந்தன. அச்செசனும் அப்பணியில் ஈடுபட்டார். கரி என்றால் அடுப்புக்கரி மட்டுமே என்று நாம் எண்ணுகிறோம். வைரமும் கரியே, பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டும் கரியே. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களை நாற்புறமும் இறுகப் பற்றி நிற்கிறது. ஆதலால் அது அசையாத கோட்டை போன்றது. கிராஃபைட்டில் அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணங்களாகப் பின்னித் தகடு தகடாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தகட்டுக்குள் பிணைப்பு மிக வலியது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே அது மிக மெலியது. ஆகவே தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கிச் செல்லும். நாம் பென்சிலால் எழுதும்போது தாளில் படிவது இவ்வாறு வழுக்கி வந்த தகடுகளே.

1881-இல் எடிசன் அச்செசனை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பாரிஸ் மாநகரில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் எடிசனின் விளக்குகளை அமைக்கும் குழுவில் அவர் பணியாற்றினார். பின்னர் இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து முதலிய நாடுகளில் விளக்குகள் அமைத்துக் கொடுத்தார். 1884-இல் தாயகம் திரும்பியவர், எடிசனை விட்டுப் பிரிந்து சொந்தக் காலில் நிற்கத் துணிந்தார். அவ்வாண்டிலேயே மார்கரெட் மாகர் என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர்.

பென்சில் முனையில் ஒரு மின்னல்

தொலைபேசிக் கம்பிகளைப் பற்றிய கண்டுபிடிப்பு ஒன்றை விற்றுக் கிடைத்த பணமும், சிறு ஊர்களுக்கு மின்விளக்கு அமைத்துக் கொடுக்கும் தொழிலும் அவருக்குக் கை கொடுத்தன. பென்சில்வேனியாவில் மொனோங்கஹேலா என்னும் ஊரில் அவர் ஒரு மின்நிலையத்தை நடத்தினார். இரவில் ஊருக்கு ஒளி தந்த அந்த இயந்திரம் பகலில் அவருடைய சோதனைகளுக்குப் பயன்பட்டது.

கைகளால் ஒரு வைரத்தை, அல்லது வைரத்துக்கு ஈடான கடினப் பொருளை உண்டாக்க வேண்டும் என்பது அவர் உள்ளத்தில் இருந்த ஆவல். 1891-ஆம் ஆண்டு ஒருநாள், ஒரு இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் கல்கரித் தூளையும் கலந்து வைத்து, அதன் நடுவே ஒரு கரிக்கோலைச் செருகினார். கிண்ணத்தையும் கோலையும் மின்சாரத்துடன் இணைத்து, கலவை நடுப்பகுதி உருகும்வரை பெரும் சூட்டை ஏற்றினார். ஆறிய பின் பார்த்தால் கட்டிபட்ட மண்தான் இருந்தது. வைரம் எதுவும் இல்லை.

வேறொருவராக இருந்தால் கிண்ணத்தைக் கொட்டிவிட்டுப் போயிருப்பார். அச்செசன் கரிக்கோலின் நுனியைக் கூர்ந்து நோக்கினார். அங்கே மினுமினுப்பான சில துகள்கள் ஒட்டியிருந்தன. அவற்றில் ஒன்றை ஒரு பென்சிலின் முனையில் பொருத்தி, கண்ணாடியின்மேல் கோடு இழுத்தார். கண்ணாடி கீறப்பட்டது! வைரம் கீறுவதைப் போலவே அது கீறியது.

இப்புதுப் பொருளுக்கு அவர் கார்பொரண்டம் எனப் பெயர் சூட்டினார். களிமண்ணில் உள்ள அலுமினியப் பொருள் கொரண்டம் என்னும் கல்லாகிக் கார்பனோடு கலந்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணியதால் இரு பெயர்களையும் இணைத்தார். பின்னர் ஆராய்ந்தபோது அது களிமண்ணில் உள்ள சிலிக்கனும் கரியும் சேர்ந்த சிலிக்கன் கார்பைடு என்று தெரிந்தது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. கொரண்டம் என்ற ஆங்கிலச் சொல் நம் தமிழ்ச் சொல்லான குருந்தம் என்பதிலிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுகின்றனர். எனவே அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் பிறந்த பொருளின் பெயருக்குள் ஒரு தமிழ்ச் சொல் ஒளிந்திருக்கிறது. 1954-இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரைச் சார்ந்து தொடங்கப்பட்ட கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரிலும் அச்சொல் தாயகம் திரும்பியது எனலாம்.

நயாகராவை நோக்கி

முதலில் கார்பொரண்டம் மிகச் சிறிய அளவிலேயே கிடைத்தது. இரத்தினக் கற்களைப் பட்டை தீட்டுவோர் அதனை காரட் கணக்கில் வாங்கினார்கள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு மின்விளக்கு அமைக்கும் பொறுப்பை ஏற்ற வெஸ்டிங்ஹவுஸ் என்னும் தொழிலதிபர், விளக்குகளின் கண்ணாடி அடைப்புகளைத் தேய்த்துப் பொருத்துவதற்காக 60,000 சிறு சக்கரங்கள் வேண்டுமென ஆணை கொடுத்தார். தொழில் தழைத்தது. அவ்வாண்டிலேயே காப்புரிமையும் கிடைத்தது.

அப்போது நயாகரா நீர்வீழ்ச்சியில் மாபெரும் மின்நிலையம் எழுந்து கொண்டிருந்தது. அச்செசன் அங்கே சென்று, தம் தொழிற்சாலைக்கு 1,000 குதிரைத் திறன் மின்சாரம் வேண்டுமென ஒப்பந்தம் செய்துகொண்டார். இருக்கின்ற சிறு தொழிற்சாலையில் செய்த சரக்கே முழுவதும் விற்பனையாகாத நேரம் அது! கம்பெனியின் இயக்குநர்கள் இதனைப் பித்துக்கொள்ளித்தனம் என்றே கருதி எதிர்த்தனர். அச்செசன் பின்வாங்கவில்லை. 1895-இல் நயாகரா தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. விலை மலிந்தது, மலிந்ததால் தேவை பெருகியது. அவர் கணக்குத் தவறவில்லை.

ஆயினும் தொழிற்சாலைக்கு வாங்கிய கடன் ஒரு வகையில் அவரை வென்றது. நாளடைவில் கம்பெனியின் ஆதிக்கம் பிட்ஸ்பர்க் நகரத்து மெல்லன் வங்கிக் குடும்பத்தாரிடம் சென்றது. தம் கையால் உருவாக்கிய தொழிலே தம் கையை விட்டுப் போவதைக் காண்பது எத்தகைய வேதனை! பலர் அதிலேயே உடைந்துபோவர். அச்செசனுக்கோ அதைவிட முக்கியமான வேலை ஒன்று உலையில் காத்திருந்தது.

அதிகச் சூட்டில் பிறந்த கிராஃபைட்

கார்பொரண்டம் செய்யும் உலையின் நடுப்பகுதி சில நேரங்களில் அளவுக்கு மிஞ்சிச் சூடேறிவிடும். அவ்வாறு ஆனபோது அங்கிருந்த படிகங்கள் கெட்டுப்போயின. பார்வைக்குப் படிகம் போலவே இருந்தாலும், தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டின, வழவழவென்று வழுக்கின. தொழிற்சாலைக் கணக்கில் அது நட்டம். அச்செசனின் கணக்கிலோ அது ஒரு கேள்வி.

அவர் ஆராய்ந்து கண்ட விடை இதுவே. சூடு சுமார் 2,800 டிகிரி செல்சியஸ் அளவை எட்டும்போது சிலிக்கன் கார்பைடு சிதைகிறது. சிலிக்கன் ஆவியாகிப் பறந்துவிடுகிறது. கரி மட்டும் பின்தங்கி, தகடு தகடாக அடுக்கிக்கொண்டு தூய கிராஃபைட்டாக மாறுகிறது. உலகிலேயே மிகக் கடினமான பொருள்களுள் ஒன்று, இன்னும் கொஞ்சம் சூட்டைத் தாங்கியதும் மிக மென்மையான பொருளாகிவிட்டது!

அதுவரை கிராஃபைட் என்றால் நிலத்தைத் தோண்டியே எடுக்க வேண்டும். நம் அண்டை நாடான இலங்கை அதற்குப் பெயர் பெற்றது. அங்குள்ள போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களின் தூய காரீயம் 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று, உலோகம் உருக்கும் மூசைகள் செய்யப் பயன்பட்டது. இயற்கை இலட்சக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் செய்த வேலையை அச்செசன் சில நாட்களில் மின் உலையில் செய்து காட்டினார். 1896-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1899-இல் அச்செசன் கிராஃபைட் கம்பெனியைத் தொடங்கினார். உப்புநீரிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரிக்கும் தொழிற்சாலைகளுக்கு அவருடைய கிராஃபைட் கோல்கள் இன்றியமையாதவை ஆயின.

பார்வோனின் செங்கல்

இனி வருவது அச்செசன் வாழ்க்கையில் நமக்கு மிகவும் சுவையான பகுதி.

1901-ஆம் ஆண்டளவில் அவர் தம் கிராஃபைட்டைக் களிமண்ணோடு கலந்து மூசைகள் செய்ய முயன்றார். அமெரிக்கக் களிமண் சரியாகப் பிசைபடவில்லை. ஜெர்மானியக் களிமண்ணோ நன்றாக வளைந்து கொடுத்தது. இரண்டையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தால் பெரிய வேறுபாடு ஒன்றும் இல்லை. பின் எதனால் இந்த வேறுபாடு? மலையில் பிறந்த மண், ஆற்று நீரோடு நெடுந்தூரம் வரும் வழியில் இலை, தழை, வேர் ஆகியவற்றின் சாறு அதில் கலந்திருக்கலாம். அதுவே மண்ணைப் பக்குவப்படுத்தியிருக்கலாம் என்று அவர் சிந்தித்தார். உடனே செடிகொடிகளில் உள்ள துவர்ப்புச் சத்தைக் களிமண்ணில் சேர்த்துப் பார்த்தார். மாசிக்காயிலும் கடுக்காயிலும் தேயிலையிலும் உள்ள டானின் என்னும் சத்துதான் அது. நம் ஊரில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிடுவதும் இச்சத்தின் வலிமையாலேதான். களிமண் வெண்ணெய் போலக் குழைந்தது. உலர்ந்ததும் முன்னிலும் உறுதியாக நின்றது.

இப்படி ஒன்றை முன்னோர் எவரேனும் அறிந்திருந்தனரா என்று அவர் தேடியபோது, திருவிவிலியத்தின் விடுதலைப் பயண நூல் நினைவுக்கு வந்தது. அந்நூலின் 5-ஆம் அதிகாரத்தை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். இஸ்ரயேல் மக்களை விடுவிக்குமாறு மோசேயும் ஆரோனும் கேட்டபோது பார்வோன் சினந்தான். செங்கல் அறுக்கும் அடிமைகளுக்கு இனி வைக்கோல் கொடுக்கக் கூடாது, ஆனால் செங்கல்லின் எண்ணிக்கை ஒன்றும் குறையக் கூடாது என்று கட்டளையிட்டான். அம்மக்கள் எகிப்து நாடெங்கும் அலைந்து தாளடிகளைப் பொறுக்கினார்கள். குறித்த எண்ணிக்கை குறைந்தபோது சாட்டையடி பட்டார்கள்.

செங்கல்லுக்கு வைக்கோல் எதற்கு? நார்போலப் பிடித்துக்கொள்ளத்தான் என்று எல்லோரும் சொல்லி வந்தனர். வைக்கோல் அவ்வளவு வலிய நார் இல்லையே என்று அச்செசன் எண்ணினார். வைக்கோலை நீரில் வேக வைத்தார். செந்நிறமான சாறு இறங்கியது. அந்தச் சாற்றைக் களிமண்ணில் ஊற்றிப் பிசைந்தார். டானின் செய்த வேலையை வைக்கோல் சாறும் செய்தது! ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அடிமைகளின் கைகள் அறிந்திருந்த உண்மையை 20-ஆம் நூற்றாண்டின் ஆராய்ச்சிக் கூடம் மறுபடியும் அறிந்துகொண்டது. நன்றியோடு அவர் அம்மண்ணுக்கு எகிப்தியக் களிமண் என்ற பொருள்படப் பெயரிட்டார்.

1906-இல் அவருக்கு மிக மென்மையான, மிகத் தூய கிராஃபைட் ஒன்று கிடைத்தது. இயந்திரங்களுக்கு மசகாக அதனைப் பயன்படுத்த விரும்பினார். எண்ணெயிலோ நீரிலோ கலந்தால் சிறிது நேரத்தில் அடியில் வண்டலாகப் படிந்துவிட்டது. அப்போது எகிப்தியக் களிமண் மீண்டும் கைகொடுத்தது. கிராஃபைட் தூளை டானின் கலந்த நீரில் இட்டு நெடுநேரம் அரைத்தார். துகள்கள் ஒன்றையொன்று விலக்கிப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்மையை அடைந்தன. வடிதாளினூடே கறுப்பு நீராகவே இறங்கின. நாட்கணக்கில் வைத்தாலும் படியவில்லை. நீரில் கலந்ததற்கு ஆக்வாடாக் என்றும் எண்ணெயில் கலந்ததற்கு ஆயில்டாக் என்றும் பெயரிட்டார்.

உராய்விலே பிறக்கும் மென்படலம்

மசகு எண்ணெய் இருக்கும்போது கிராஃபைட் எதற்கு என்று நாம் கேட்கலாம். பளபளவென்று தோன்றும் எந்த உலோகத்தையும் நுண்பெருக்கியால் பார்த்தால் அது மேடும் பள்ளமுமாகவே இருக்கும். இரண்டு உலோகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது மேடுகள் மட்டுமே முட்டிக்கொள்கின்றன. பாரம் முழுவதும் அச்சிறு முனைகளில் விழுவதால் அவை சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பின் பிய்கின்றன. இதுவே உராய்வும் தேய்மானமும். இடையில் எண்ணெய் நின்றால் முட்டல் குறையும். ஆனால் இயந்திரம் நின்றிருக்கும் நேரத்தில் எண்ணெய் வடிந்துவிடும். மறுபடி ஓடத் தொடங்கும் முதல் நொடிகளில் உலோகம் உலோகத்தை நேரே உரசும்.

அச்செசனின் நுண்ணிய கிராஃபைட் இங்கேதான் உதவுகிறது. எண்ணெயோடு வந்த துகள்கள் உலோகங்களின் இடையில் அகப்பட்டு நசுங்குகின்றன. பள்ளங்களை நிரப்புகின்றன. இயந்திரம் ஓட ஓட, தகடுகள் யாவும் நகரும் திசையிலே படுத்துப் பரவி, கரிய கண்ணாடி போன்ற மென்படலமாகின்றன. அதன் பின் உரசுவது உலோகமும் உலோகமும் அல்ல, கரியும் கரியும். எண்ணெய் வடிந்தாலும் படலம் போவதில்லை. இப்படலத்தை எவரும் பூசுவதில்லை என்பதைக் கவனிப்போம். உராய்வே அதனை உண்டாக்குகிறது.

நம் வீட்டு மிக்சியிலும் இது நடக்கிறது. அதன் மோட்டாரில் சுழலும் செம்பு உருளையின்மேல் இரண்டு கார்பன் துண்டுகள் அழுந்தி நின்று மின்சாரத்தைச் செலுத்துகின்றன. சில நாள் ஓடியபின் செம்பின்மேல் பழுப்பு நிறப் படலம் ஒன்று படிகிறது. அழுக்கு என்று எண்ணித் தேய்த்து எடுத்துவிடக் கூடாது. செம்பின் துருவும் கிராஃபைட்டும் சேர்ந்த அப்படலமே செம்பைத் தேயாமல் காக்கிறது. விலையுயர்ந்த உருளைக்காக விலை குறைந்த கார்பன் தான் தேய்ந்து கொடுக்கிறது. இறுக்கமான பூட்டில் பென்சில் தூளைத் தூவித் திறக்கும் நம் பாட்டிமாரின் கைவைத்தியமும் இவ்வகையே. ஆக்வாடாக் வேறொரு வழியிலும் நம் வீடுகளுக்கு வந்திருக்கிறது. பழைய பெட்டி வகை டெலிவிஷனின் படக்குழாயில் மின்சாரத்தைக் கடத்துவதற்காகப் பூசப்பட்ட கறுப்புப் பூச்சு அதுவே.

அவருக்குப் பின்னும் தொடர்ந்த கதை

அச்செசனுக்குப் பின் விஞ்ஞானிகள் இப்படலத்தைப் பற்றிப் பல புதுமைகளை அறிந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது மிக உயரத்தில் பறந்த விமானங்களில் மின் இயந்திரங்களின் கார்பன் துண்டுகள் சில மணி நேரத்திலேயே பொடிப்பொடியாயின. தரையில் நெடுங்காலம் உழைத்த கார்பன் வானில் ஏன் சாகிறது? அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் சாவேஜ் காரணத்தைக் கண்டார். கிராஃபைட் தனியாக வழுக்குவதில்லை. காற்றில் உள்ள நீராவி அதன் தகடுகளின் ஓரங்களில் ஒட்டியிருந்தால்தான் அது நன்கு வழுக்கும். உயர வானில் காற்று மெலிந்தும் வறண்டும் இருப்பதால் அத்துணை கிடைப்பதில்லை. காற்றே இல்லாத விண்வெளிக்குச் செல்லும் கலங்களில் கிராஃபைட்டுக்குப் பதிலாக மாலிப்டினம் டைசல்ஃபைடு என்னும் பொருளைப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

இடுப்பு எலும்பு மூட்டுத் தேய்ந்த முதியோருக்கு உலோக மூட்டு பொருத்துவதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். உலோகத்தோடு உலோகம் உரசும் வகை மூட்டுகள் சிலவற்றை நோயாளிகளிடமிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தபோது, அவற்றின்மேல் ஒரு மென்படலம் காணப்பட்டது. உடலில் உள்ள புரதம் படிந்ததாகவே முன்பு எண்ணினர். 2011-இல் ஆராய்ந்தபோது அதில் கிராஃபைட் போன்ற கரி இருப்பது தெரியவந்தது. எலும்பு மூட்டிலும் உராய்வு தனக்கான மருந்தைத் தானே செய்துகொண்டிருந்தது!

2016-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆராய்ச்சிக் கூடத்தில் அலி எர்தெமிர் என்பவரும் அவர் குழுவினரும் இன்னொரு வியப்பை வெளியிட்டனர். மாலிப்டினம் நைட்ரைடும் செம்பும் கலந்த பூச்சை உலோகத்தின்மேல் பூசி, சாதாரண மசகு எண்ணெயில் உரச விட்டனர். உரசும் இடத்தின் அழுத்தத்திலும் சூட்டிலும் அப்பூச்சு எண்ணெயின் மூலக்கூறுகளைத் துண்டாக்கியது. அத்துண்டுகளிலிருந்து வைரம் போன்ற கார்பன் படலம் ஒன்று தானே உருவாயிற்று. தேய்ந்தால் அந்த இடத்திலேயே மீண்டும் பிறந்தது. வைரத்தைத் தேடிப் புறப்பட்ட அச்செசன் கிராஃபைட்டைக் கண்டார். அவருக்குப் பின் வந்தோர் உராய்விலிருந்தே வைரத்தின் உறவுப் பொருளைக் கண்டனர்.

இவையெல்லாம் வெறும் விந்தைகள் அல்ல. உலகம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்வதற்கே போகிறது என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். உராய்வைச் சிறிது குறைத்தாலும் எத்தனை எரிபொருள் மிஞ்சும், எத்தனை புகை குறையும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிறைவும் நாம் கற்கும் பாடமும்

பள்ளிப் படிப்பை 16 வயதில் இழந்த அச்செசன் தம் வாழ்நாளில் 70 காப்புரிமைகளைப் பெற்றார். 1908-இல் ரம்ஃபோர்டு பதக்கமும் 1910-இல் பெர்கின் பதக்கமும் அவரைத் தேடி வந்தன. இளம் விஞ்ஞானிகளை ஊக்குவிப்பதற்காக அவர் 1928-இல் அமெரிக்க மின்வேதியியல் கழகத்துக்கு 25,000 டாலர் வழங்கினார். அதிலிருந்து பிறந்த அச்செசன் விருதின் முதல் பதக்கம் 1929-இல் அவருக்கே அளிக்கப்பட்டது. 1931-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் நியூயார்க் நகரில் தம் 75-ஆம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் அமைத்த உலை முறையாலேயே கார்பொரண்டம் இன்றும் செய்யப்படுகிறது. சாணைக்கல்லில் மட்டுமின்றி மின்சாரக் கார்களின் நுண்கருவிகளிலும் சிலிக்கன் கார்பைடு இப்போது இடம் பெற்றுவிட்டது.

இவருடைய வாழ்வில் நாம் கற்க வேண்டியவை பல. தேடியது கிடைக்காதபோது, கிடைத்தது என்ன என்று அவர் குனிந்து பார்த்தார். கெட்டுப்போனது என்று பிறர் ஒதுக்கியதில் ஒரு கேள்வியைக் கண்டார். திருவிவிலியத்தில் வைக்கோலைப் பற்றிய ஒரு சிறு செய்தியைக்கூடக் கருத்தின்றி வாசிக்கவில்லை. தேர்வுக்காக மட்டும் படித்து, மறுநாளே மறந்துவிடும் நமக்கு இது எவ்வளவு பெரிய பாடம்!

இன்னொன்றையும் அவருடைய கிராஃபைட் நமக்குச் சொல்லித் தருகிறது. பலர் கூடி வாழும் இடத்தில் உராய்வு இல்லாமல் இராது. விடுதியிலும் வகுப்பிலும் வீட்டிலும் ஒருவர் மேடு மற்றவர் மேட்டில் முட்டவே செய்யும். அங்கே கார்பொரண்டமாக இருந்து பிறரைத் தேய்ப்பது எளிது. கிராஃபைட்டாக இருந்து, தான் சிறிது தேய்ந்து, மற்றவர் பள்ளத்தை நிரப்பி, எல்லோரையும் இலகுவாக நகரச் செய்வதே அரிது. அப்பொறுமையும் ஒரே நாளில் வருவதன்று. உரசல்களைத் தாங்கத் தாங்கத்தான் அது நம்மேல் படிகிறது. தந்தையை இழந்தும், தொழிலை இழந்தும், மனம் கசக்காது உழைத்து உலகின் உராய்வைக் குறைத்த அச்செசனை நினைவில் கொண்டு, நாமும் நம்மைச் சூழ்ந்தோரின் சுமையை இலகுவாக்கி வாழ்வோமாக!